போய்த் திரும்பும் உரிமை

கண்டியில் கல்யாணம் நிச்சயமான தமிழ்ப் பிள்ளைகள் இருவர், வீட்டார் துணையில்லாமல் ஒரு பகல் முழுக்க வெளியே போய்வர இன்று ஒரு வழி திறந்திருக்கிறது. கூடவே ஒரு கமெராக்காரர் போக வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்கா, ஹந்தானைத் தேயிலைச் சரிவு, வாவிக்கரை, கொஞ்சம் வசதியிருந்தால் நுவரெலியா, இன்னும் தூரம் போக மனமிருந்தால் எல்லவுக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம் என்று ‘ப்ரீ ஷூட்’ எடுக்கப் போகும் சோடிகளை எங்கும் காணலாம். அவன் தோளில் அவள் சாய்ந்திருக்கும் படங்கள் கல்யாண மண்டபத்தின் திரையில் ஓடும்போது பெற்றோர் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அதே பெண், “நாங்கள் ரெண்டு பேரும் காலை ரயிலில் மாத்தளைக்குப் போய், முத்துமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பொழுதுபடுமுன் வந்துவிடுகிறோம்” என்று கேட்டால் பல வீடுகளில் பதில் எளிதில் வராது. முதல் பயணத்தில் ஊருக்குக் காட்டப் படங்கள் கிடைக்கின்றன. இரண்டாவதில் கிடைப்பது அந்த இருவருக்கு மட்டுமே உதவும் ஓர் அறிவு. ஊருக்குக் காட்டுவதற்கு இடம் கொடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் அறிவதற்கு இடம் மறுக்கிறோம். இந்த ஏற்பாட்டை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிச்சயத்துக்கும் தாலிக்கும் இடைப்பட்ட காலம் பேசிச் செய்யும் கல்யாணத்தில் தனி இயல்புடையது. அதற்கு முன் இருவரும் அன்னியர்கள். அதற்குப் பின் கணவன் மனைவி. இடையில் உள்ள அந்தச் சில மாதங்களில் மட்டுமே, தேர்ந்தாயிற்று, ஆனால் இன்னும் கட்டுப்படவில்லை என்ற நிலை இருக்கிறது. அந்த மாதங்களை மண்டபத்துக்கு முற்பணம், அழைப்பிதழ், கூறைச் சேலை, நகை என்று செலவழித்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்து பயணம் போவது நல்லது என்பதோடு என் வாதம் முடிந்துவிடவில்லை. போய்வந்த பிறகு, ‘இது சரிவராது’ என்று சொல்ல இருவருக்கும் இடமிருந்தால்தான் அந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு. திரும்பும் உரிமையைத் தராமல் போகும் உரிமையை மட்டும் தந்தால் அது தேனிலவை முன்கூட்டி நடத்துவதாக முடியும்.

இதை விளங்கிக்கொள்ளக் கண்டியின் சொந்த வரலாறே துணைசெய்கிறது. இந்த நகரத்துக்கு மணப்பெண்கள் கடல் கடந்து வந்திருக்கிறார்கள். கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண்ணெடுத்தார்கள். 1707 முதல் 1739 வரை ஆண்ட வீர நரேந்திரசிங்கனின் பட்டத்தரசியும் அப்படி வந்தவர்தான். அரசனுக்கு முடிக்குரிய மகன் இல்லாமற்போகவே, அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினார். அங்கே தொடங்கிய நாயக்க வம்சம் 1815 வரை ஆண்டது. அந்தப் பெண்களுக்கு மாப்பிள்ளையை முன்கூட்டிப் பார்க்கவோ மறுக்கவோ வழி இருந்திருக்காது. அவர்கள் கல்யாணம் இரு குடும்பங்களின் உடன்பாடு. ஆனால் அவர்கள் தனியே வரவில்லை. தகப்பன், தம்பி, உறவுக்காரர் என்று கூட்டமாக வந்தார்கள். நகரத்தில் அந்த உறவினருக்கென்றே குமாருப்பே வீதி இருந்தது. பெண்ணுக்குத் திரும்பும் வழி இல்லாத இடத்தில் பெண்ணின் ஆட்களே வந்து குடியேறினார்கள். ஊர் தெரியாத, மாப்பிள்ளை தெரியாத கல்யாணத்தில் பெண்ணுக்கு ஒரு காப்பு வேண்டும் என்பதை அந்தக் காலமும் தன் வழியில் அறிந்திருந்தது.

மலையகத்தின் பழைய கல்யாணங்களிலும் அதே காப்பு வேறொரு வடிவில் இருந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரையில் தேயிலை வேரூன்றிய பின், தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் கங்காணிமாரின் கீழ் ஊரும் உறவுமாகவே குடியேறின. அத்தை மகன், மாமன் மகள் என்ற முறைக்குள் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை அடுத்த லயத்தில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில், இருப்பான், அல்லது ஆற்றுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் இருப்பான். அவன் குடிப்பானா, கோபக்காரனா, தாய் பேச்சைத் தட்டாதவனா என்பதைப் பெண் சிறுவயதிலிருந்தே அறிந்திருப்பாள். கல்யாணத்துக்குப் பின் அடி விழுந்தால் சத்தம் தாய்வீட்டுக்குக் கேட்கும் தூரத்தில்தான் பல பெண்கள் வாழ்ந்தார்கள். அந்த வாழ்வைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. லயத்து வாழ்வின் கொடுமைகளில் பெண்ணுக்கு விழுந்த பங்கு பெரிது. சொல்ல வருவது ஒன்றுதான். ‘எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு முன் எங்கே சுற்றினார்கள், அவர்கள் வாழவில்லையா’ என்று கேட்பவர்கள், அவர்களிடம் ஏற்கெனவே இருந்த அறிமுகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. உறவுமுறை அவர்களுக்குத் தந்த அறிவை இன்றைய பிள்ளைகளுக்கு வேறு எதுவும் தருவதில்லை.

இன்று கண்டியில் ஒரு தமிழ்க் கல்யாணம் பெரும்பாலும் எப்படி அமைகிறது? ஞாயிறு வீரகேசரியின் மணமகள் தேவை விளம்பரம், தரகர் கொண்டுவரும் சாதகம், வாட்ஸ்அப்பில் வரும் படம். பெண் கட்டுகஸ்தோட்டையில் இருப்பாள், பையன் கொழும்பில் வேலையிலிருப்பான், அல்லது டொராண்டோவிலோ லண்டனிலோ இருப்பான். இரு குடும்பங்களும் ஒன்றையொன்று அறியா. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் எல்லாம் இன்னும் விரைவாக நடக்க வேண்டியிருக்கிறது. கனடா 2002இல் கொண்டுவந்த குடிவரவுச் சட்டத்தோடு, நிச்சயமானவரை வருங்கால மணத்துணை என்று அழைத்துக்கொள்ளும் வகையை எடுத்துவிட்டது. ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கக் கல்யாணம் சட்டப்படி முடிந்திருக்க வேண்டும். நம் குடும்பங்கள் அதற்கு எளிய வழி கண்டன. முதலில் எழுத்து, பிறகு வசதிப்பட்ட நாளில் தாலி. பதிவாளர் முன் கையெழுத்திட்ட அன்றிலிருந்து அவர்கள் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி. வீட்டாரின் கண்ணில் இன்னும் நிச்சயமானவர்கள். சிலர் அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் முதல்முறையாகத் தனியே உட்கார்ந்து ஒரு தேநீர் குடிக்கிறார்கள். ‘எழுத்து முடிந்துவிட்டதே, இனி போய்வரட்டும்’ என்று பெற்றோரும் மனமிளகுகிறார்கள். தீர்மானத்துக்கு உதவ வேண்டிய பயணம் தீர்மானம் பூட்டப்பட்ட பிறகு நடக்கிறது.

அந்தப் பூட்டின் கனத்தைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தமிழர்கள் கண்டியில் மணம் பதியும் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களைத் தருகிறது: பிறர் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. இருவரும் மனமொத்துப் பிரிவதாகச் சொன்னால் போதாது. மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர்மீது மற்றவர் குற்றம் காட்ட வேண்டும். எழுத்துக்குப் பின் நுவரெலியாவுக்குப் போய்வந்து, இந்த மனிதரோடு வாழ முடியாது என்று கண்டுகொண்ட பெண், தாலி ஏறாமலே விவாகரத்து வழக்குக்குப் போக வேண்டும். ஆனால் அதே கட்டளைச் சட்டம் வெறும் நிச்சயத்தை வேறு விதமாகவே நடத்துகிறது. கல்யாணம் செய்வதாகக் கொடுத்த வாக்கை நிறைவேற்றச் சொல்லி எந்த நீதிமன்றமும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாக்கு மீறியதற்கு நட்டஈடு கேட்கலாம், அதுவும் வாக்கு எழுத்தில் இருந்தால் மட்டும். மணமேடைக்கு யாரையும் இழுத்துவரக் கூடாது என்பதில் சட்டம் உறுதியாக நிற்கிறது. வாசலை மூடுவது நம் ஊர்ப்பேச்சும் நம் அவசரமும்தான்.

இதே மலைகளில் வேறொரு மரபு நெடுங்காலம் வாழ்ந்தது. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலில், இங்கே ஆணும் பெண்ணும் மனம் பொருந்தும்வரை நாலைந்து முறைகூட மணமுடிப்பதுண்டு என்று எழுதினார். அவர் அதை மெச்சி எழுதவில்லை. கண்டிச் சிங்களவரிடையே மணம் இருவகை. பெண் கணவன் வீட்டுக்குப் போவது தீக, ஆண் மனைவி வீட்டில் வந்து இருப்பது பின்ன. பின்ன மாப்பிள்ளை எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்பதால் கைத்தடியும் தாளிப்பனை ஓலையும் தீப்பந்தமும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று வழக்கில் சொல்வார்கள். பிரித்தானியர் 1859இல் பலகணவர் மணத்தைத் தடைசெய்து பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஆனாலும் மனமொத்துப் பிரியும் வழி பின்னர் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. இன்று நடைமுறையிலுள்ள 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரே மணத்தை நீக்கலாம். ஒரே தெருவில் வாழும் இரு குடும்பங்களில் கண்டிச் சிங்களப் பெண்ணுக்கு அந்த வழி உண்டு, தமிழ்ப் பெண்ணுக்கு இல்லை. அந்தச் சட்டமும் குறையில்லாதது அல்ல. மனைவியின் பிறருறவை ஒரு விதமாகவும் கணவனுடையதை வேறு விதமாகவும் அது எடைபோடுகிறது. ஆனால் வெளியேறும் வழி நமக்கு இடுங்கியிருக்கும்போது, உள்ளே நுழையுமுன் அறிந்துகொள்ளும் கடமை நமக்குத்தான் கூடுதலாக இருக்க வேண்டும். நாம் நடந்துகொள்வதோ நேரெதிராக.

ஒரு பயணத்தில் அப்படி என்ன தெரிந்துவிடும் என்ற கேள்வி நியாயமானது. ஒரு நாள் முழுக்க நல்லவராக நடிப்பது கடினமல்ல. காதல் உணர்வைப் பொறுத்தவரை பயணம் ஏமாற்றவும் செய்யும். ஹந்தானையின் மூடுபனியில் எவரும் அழகாகத்தான் தெரிவார்கள். ஆனால் நான் சொல்வது உணர்வின் பரிசோதனை அல்ல. ரயில் ஒரு மணி நேரம் பிந்தினால் அவர் என்ன செய்கிறார், பஸ் நடத்துநரிடமும் சாப்பாட்டுக் கடைப் பையனிடமும் எப்படிப் பேசுகிறார், எங்கே போவது என்பதை யார் முடிவுசெய்கிறார், அவள் ‘எனக்குக் களைப்பாக இருக்கிறது’ என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது, காசை யார் கொடுக்கிறார், கொடுத்த பிறகு அந்தக் காசு என்னவெல்லாம் பேசுகிறது, தாயிடமிருந்து பத்தாவது தடவை அழைப்பு வரும்போது அவர் என்ன பதில் சொல்கிறார். கல்யாணத்துக்குப் பின் ஆயிரம் முறை நிகழப்போகும் காரியங்கள் இவை. முன்வாசலில் தட்டத்தோடு தேநீர் கொண்டுவந்து வைக்கும் நிமிடங்களில் இவற்றில் ஒன்றும் தெரியாது. பேச வேண்டியவற்றைப் பேசவும் பயணம் இடம் தருகிறது. சீதனம் பற்றி உண்மையில் யார் என்ன கேட்டார்கள், அவள் வேலையைத் தொடரலாமா, பிள்ளை எப்போது, மாமியார் வீட்டிலா தனியாகவா, கடன் எவ்வளவு. பெரியவர்கள் சுற்றியிருக்கும் விறாந்தையில் இவற்றை வாய்விட்டுக் கேட்கப் பெண்ணால் முடியாது, பல வேளை பையனாலும் முடியாது.

அடுத்து வரும் மறுப்பு கனமானது, அதை இலேசாகத் தள்ளக் கூடாது. போய்வந்த பிறகு கல்யாணம் நின்றுபோனால் பெண்ணின் பெயர்தான் கெடும். பையனுக்கு அடுத்த மாதமே வேறு இடம் பார்ப்பார்கள், பெண்ணின் சாதகத்தை ஊர் தொடாது. உண்மை. தகப்பன்மார் தயங்குவது பெரும்பாலும் கொடுமையால் அல்ல, இந்தப் பயத்தால். ஆனால் இந்தத் தடை பெண்ணுக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பொருந்தாத மணத்தின் சேதத்தை அது தடுக்கவில்லை, தாலிக்கு அப்பால் தள்ளிவைக்கிறது. அங்கே போனபின் அதே சேதம் நீதிமன்றப் படியாகவும், கையில் பிள்ளையாகவும், அன்னிய நாட்டின் தனி அறையாகவும் பெருகி நிற்கிறது. நின்றுபோன நிச்சயத்துக்காக ஒரு பெண்ணை ஊர் பழிப்பது அநீதி என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அந்த அநீதிக்குப் பயந்து அவளை அறியாமையில் வைப்பது அந்த அநீதிக்கே பணிந்துபோவதாகும். பெயர் கெடுவது பெண்ணின் செயலால் நிகழ்வதல்ல. அடுத்த மாப்பிள்ளையின் தாய் கேட்கும் ஒரு கேள்வியால் நிகழ்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள், ஆகவே நிறுத்துவதும் நம் கையில்தான் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். நிச்சயமானவன் என்ற உரிமையில் எல்லை மீறுபவர்கள் உண்டு. ‘எப்படியும் கட்டத்தானே போகிறோம்’ என்ற வாக்கியத்தின் முன் மறுக்கத் தயங்கும் பெண்களும் உண்டு. ஆனால் இந்தக் கவலை எழுத்தை முற்படுத்தும் வழக்கத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. 1995இல் திருத்தப்பட்ட நம் தண்டனைச் சட்டக் கோவையின்படி, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாத மனைவிமீது கணவன் செய்யும் வன்புணர்வு குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அப்படியென்றால் பதிவேட்டில் கையெழுத்திட்ட அந்த மாலையே, தாலி ஏறாத, இன்னும் தாய்வீட்டில் இருக்கும் பெண் சட்டத்தின் ஒரு பெரும் காவலை இழந்துவிடுகிறாள். ‘எழுத்து முடியட்டும், பிறகு போகட்டும்’ என்று சொல்லும் பெற்றோர் பாதுகாப்பென்று எண்ணிக் கொடுப்பது அவளைக் காவலற்றவளாக்குகிறது. எழுத்துக்கு முன், பகலில், பலர் நடமாடும் இடங்களில், திரும்பும் பயணச்சீட்டும் செலவுக்குக் காசும் அவள் கையிலேயே இருக்க, எங்கே போகிறாள் என்பதை வீடு அறிந்திருக்க, எந்த நேரத்தில் அழைத்தாலும் கேள்வி கேட்காமல் வந்து கூட்டிவரும் ஒருவர் இருக்க, அவள் போய்வருவது அதைவிடப் பாதுகாப்பானது.

வீட்டைத் தாண்டினாலும் நகரம் இருக்கிறது. பேராதனையில் குடைக்குள் ஒதுங்கும் சோடிகளைக் கேலிக்குரியவர்களாகவே நம் ஊர் பார்த்துப் பழகிவிட்டது. அரசர் காலத்தில் பொதுமக்கள் நுழையத் தடையிருந்த உடவத்தகெலே வனத்தில் இன்று காதலர் நடை என்றே ஒரு பாதை இருக்கிறது. அங்கும் சோடிகள் பிறர் கண்ணுக்குப் பயந்துதான் நடக்கிறார்கள். 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. பொது இடத்தில் ஆபாசச் செயல் என்ற அதன் சொற்களை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கும் சோடிகளையும் மிரட்டலாம். தங்கும் விடுதிகளில் விவாகச் சான்றிதழ் கேட்பதும் உண்டு. கோயம்புத்தூரில் மணமாகாதவர்கள் தங்கியதைக் காரணம் காட்டி முத்திரையிடப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவது எந்தச் சட்டப்படியும் குற்றமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் சொன்னது. வயதுவந்த ஆணும் பெண்ணும் அப்படிச் சேர்ந்து இருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையிலும் இல்லை. ஆனால் சட்டத்தில் இல்லாத குற்றத்துக்கும் நாம் மனத்தளவில் தண்டனை வைத்திருக்கிறோம். வெளியே போகும் பிள்ளைகள் கூனிக்குறுகி நடந்தால், ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பது எப்படி?

பயணம் என்பது பணக்காரர் பேச்சு என்றும் சொல்லப்படும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, 2024இல் 1350 ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் எல்ல என்பது எட்டாத ஊர். ஆனால் ப்ரீ ஷூட்டுக்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் தோட்டங்களிலும் வந்துவிட்டன. நான் கேட்கும் பயணத்துக்குத் தெல்தெனியாவிலிருந்தோ கலஹாவிலிருந்தோ கண்டிக்கு வரும் பஸ் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சாப்பாட்டுப் பார்சல், வாவியைச் சுற்றி ஒரு நடை. இப்படி மூன்று நான்கு தடவை. படம் எடுக்காவிட்டாலும் குறைவில்லை. செலவு குறையக் குறைய ஒருவரை ஒருவர் பார்க்கும் கண் தெளிவாகும், ஏனென்றால் வாழ்வின் பெரும்பகுதி அந்தச் சிக்கனத்துக்குள்தான் நடக்கப்போகிறது.

ஆகவே கண்டியின் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்பதற்குப் பெரிய புரட்சி எதுவும் இல்லை. முதலாவது, எழுத்தைத் தாலிக்கு அருகே வையுங்கள். விசாவுக்காக முந்தித்தான் ஆக வேண்டுமென்றால், அதற்கும் முன்பாகப் பிள்ளைகள் சில நாட்களாவது சேர்ந்து போய்வரட்டும். வெளிநாட்டு மாப்பிள்ளையின் விடுமுறை மூன்று வாரம் என்றால், முதல் வாரத்தை மண்டபத்துக்கல்ல, அவர்களுக்குக் கொடுங்கள். இரண்டாவது, நிச்சயத் தட்டு மாற்றும் அன்றே இரு வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகள் காதுபட ஒன்றைச் சொல்லட்டும்: மணநாள்வரை யார் வேண்டாமென்றாலும் நாங்கள் காரணம் தோண்டமாட்டோம், யார்மீதும் பழிபோடமாட்டோம். அதுவரை ஆன செலவை இரு வீடும் பகிர்ந்துகொள்ளும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம், ஏனென்றால் ‘இவ்வளவு செலவழித்துவிட்டோமே’ என்ற கணக்குதான் பல வாய்களை மூடுகிறது. மூன்றாவது, நின்றுபோன நிச்சயத்தை ஒரு பெண்ணின் குறையாக எண்ணுவதை நாம் பெண் தேடும்போதே நிறுத்த வேண்டும். மதுரையிலிருந்து வந்த அரசிக்கு அவள் உறவினர் காப்பாக வந்தார்கள். பரிசம் போட்ட தோட்டத்துப் பெண்ணுக்கு அடுத்த லயம் காப்பாக இருந்தது. டொராண்டோவுக்குப் போகும் பெண்ணோடு யாரும் போகப்போவதில்லை. அவள் ஏறும் விமானத்துக்கு முன்னால், தன் விருப்பத்தோடுதான் ஏறுகிறேன் என்று அவளே உறுதியாக அறிந்திருப்பது ஒன்றுதான் நாம் அவளுக்குத் தரக்கூடிய காப்பு. வேண்டாம் என்று சொல்லித் திரும்ப முடிந்த ஒரு பெண் சொல்லும் சம்மதத்தைத்தான் சம்மதம் என்று நாம் நம்பலாம்.